களிம்பேறிய தோட்டா

புதுவை நகருக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றின் பக்கத்தில், திருக்காமீசுவரர் கோயில் கொண்டிருக்கும் வில்லியனூரை அதன் தேர்த் திருவிழாவால் அறிந்தவர்கள் பலர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து அந்தத் தேரின் வடம் பிடிப்பது வழக்கம். இந்நாளில் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். ஆனால் அதே வில்லியனூர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரருடைய கோட்டையாக இருந்தது என்பதையும், 1760-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கர்னல் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியின் படை அதைக் கைப்பற்றியது என்பதையும் நினைப்பவர்கள் வெகு சிலரே. 1748, 1760-61, 1778, 1793 என்று நான்கு முறை ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டனர். அரியாங்குப்பமும் உழவர்கரையும் வில்லியனூரும் அந்நாளில் படைகள் நடமாடிய இடங்கள். வேற்று நாட்டார் இருவர் நமது மண்ணுக்காகத் தம்முள் போரிட்டார்கள். அவர்கள் வீசிய இரும்பும் ஈயமும் நமது உழவர்களுடைய வயல்களில் விழுந்தன.

இத்தகைய மண்ணில் ஏர் ஓட்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ, பழைய வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ துருவேறிய குண்டு ஒன்று வெளிப்பட்டால் என்ன செய்வது? பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கிக்கென்று வாங்கிப் பரணில் போட்ட தோட்டாப் பெட்டி, பச்சை பூத்துக் கிடப்பதை வீட்டார் கண்டெடுத்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி வில்லியனூருக்கு மட்டும் உரியதன்று. யுத்தத்தின் காலடி பட்ட எல்லா ஊர்களுக்கும், துப்பாக்கி இருந்த எல்லா வீடுகளுக்கும் உரியது.

"இத்தனை வருஷம் மண்ணில் கிடந்து மக்கிப் போயிற்று, இனி என்ன வெடிக்கப் போகிறது?" என்பார் ஒருவர். "புளி போட்டுத் துலக்கினால் பளபளவென்று ஆகிவிடும், பிறகு சுட்டுப் பார்க்கலாம்" என்பார் மற்றொருவர். முதல்வருடைய பேச்சு விவேகம் போலத் தோன்றும். இரண்டாமவருடைய பேச்சு சிக்கனம் போலத் தோன்றும். இரண்டும் உயிருக்கு உலை வைக்கும் பேச்சுகளே.

இரண்டு கேள்விகள்

பழைய தோட்டாவைக் கையில் எடுப்பவர் உண்மையில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். ஒன்று, "இது வேண்டியபோது வெடிக்குமா?" என்பது. மற்றொன்று, "இது வேண்டாதபோது வெடிக்குமா?" என்பது. முதற் கேள்விக்கு விடை "வெடிக்காது போலிருக்கிறது" என்று தோன்றிய மாத்திரத்தில், இரண்டாவது கேள்விக்கும் அதுவே விடை என்று மனம் துணிந்துவிடுகிறது. பிழை அங்கேதான் இருக்கிறது.

வயதான எருது உழவுக்கு உதவாது. அதனால் முட்டாது என்று யாராவது சொல்லுவார்களா? வெடிபொருளும் அப்படித்தான். காலம் அதனுடைய பலத்தை அழிப்பதற்கு முன்னால் அதனுடைய பணிவை அழித்துவிடுகிறது. புதிய தோட்டா, விசையை இழுத்தால் வெடிக்கும். இழுக்காவிட்டால் சும்மா இருக்கும். பழைய தோட்டா, இழுத்தபோது சும்மா இருந்துவிட்டு, எடுத்துப் பார்க்கும்போது வெடித்தாலும் வெடிக்கும். இது எவ்வாறு நேருகிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நனைந்த மருந்தும் உலர்ந்த மருந்தும்

முற்றுகைக் காலத்துப் பீரங்கிகளுக்கு உணவு கருமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, கரியும் கந்தகமும் சேர்ந்து கால் பங்கு என்பது ஏறத்தாழ அதன் கணக்கு. ஐரோப்பியக் கம்பெனிகள் நமது பீகார் நாட்டிலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போயின. நம்மிடம் வாங்கிய உப்பைக் கொண்டே நம்மைச் சுட்டார்கள் என்றாலும் தவறில்லை.

இந்த மருந்துக்கு ஈரம் பெரும் பகை. 1757-ஆம் வருஷம் ஜூன் 23-ஆம் தேதி பிளாசிப் போர்க்களத்தில் நடுப்பகலில் பெருமழை கொட்டிற்று. ஆங்கிலேயர் தம்முடைய மருந்தைத் தார் பூசிய துணிகளால் மூடிக் காத்தனர். நவாபின் சேனையில் மருந்து நனைந்துவிட்டது. எதிரியின் மருந்தும் நனைந்தே போயிருக்கும் என்று எண்ணி நவாபின் சேனாதிபதி மீர் மதன் குதிரைப் படையோடு பாய்ந்தார், எதிரியின் பீரங்கிகள் முழங்கின, அவர் வீழ்ந்தார். அன்றைய தோல்விக்கு மீர் ஜாபரின் துரோகமே முதற் காரணம் என்பதில் சந்தேகமில்லை. எனினும், "அந்த மருந்து இனி வெடிக்காது" என்று கண்ணால் காணாமலே செய்த ஓர் ஊகம் ஒரு வீரரின் உயிரைக் குடித்தது.

புதுவை முற்றுகையிலும் இதைப் போன்றதொரு சம்பவம் உண்டு. 1761-ஆம் வருஷம் பிறந்த அன்றே, ஜனவரி முதல் தேதியன்று, கடற்கரையில் கடும் புயல் அடித்தது. ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் பல உடைந்தும் மூழ்கியும் போயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். கரையிலிருந்த பாசறையில் கூடாரங்கள் பறந்தன. வெளியில் வைத்திருந்த வெடிமருந்து எல்லாம் கெட்டது. உழவர்கரையிலும் அரியாங்குப்பத்திலும் கொத்துக் கட்டடங்களின் காப்பில் இருந்த மருந்துதான் மிஞ்சியது. ஆயினும் நகருக்குள் பசி முற்றியிருந்தது. அந்த மாதம் நடுவிலேயே புதுவை பணிந்தது.

நனைந்த கருமருந்து எரியாது, உண்மைதான். ஆனால் அதே மருந்து உலர்ந்தால் மறுபடியும் எரியக் கூடும். மூடிய இரும்புக் கூட்டுக்குள் ஈரம் புகாமல் கிடந்த மருந்தோ, நூறு வருஷமானாலும் இருநூறு வருஷமானாலும் தன் குணத்தை விடுவதில்லை. மற்ற வெடிபொருள்களைப் போல் அது தானாகச் சிதைவதில்லை. தீப்பொறி ஒன்றுக்காகவே அது காத்திருக்கிறது. 1748-இல் அரியாங்குப்பத்துக் கோட்டையில் சேமித்திருந்த வெடிமருந்து தீப்பற்றிப் பலர் மாண்டதனால்தான் பிரெஞ்சுக்காரர் அக்கோட்டையைக் கைவிட்டு ஓடினார்கள். அத்தகைய மருந்து நிறைந்த குண்டு ஒன்று இன்று அகப்பட்டாலும் அது அதே மருந்துதான்.

இதற்குச் சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது. அந்நாட்டு உள்நாட்டு யுத்தம் 1865-இல் முடிந்தது. அந்த யுத்தத்துக் குண்டுகளைத் தேடி எடுத்து, மருந்தை நீக்கி, துருவைச் சுரண்டி விற்று வந்தவர் ஒருவர், 2008-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வர்ஜீனியா மாகாணத்தில் தம் வீட்டு வாசலில் ஒரு குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து உயிர் துறந்தார். குண்டின் சில்லு வெகு தூரத்திலிருந்த வேறொரு வீட்டின் முகப்பைத் துளைத்தது. அவர் புதியவர் அல்லர்; நூற்றுக்கணக்கான குண்டுகளைக் கையாண்டு பழகியவர். நூற்றுநாற்பது வருஷத்துக்கு மேல் பழைய குண்டு அந்தப் பழக்கத்தை மதிக்கவில்லை.

பீரங்கிக் குண்டுகளில் இரு வகை உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். முழுதும் கெட்டி இரும்பாலான குண்டு வெறும் எடைக்கல், அதனால் தீங்கில்லை. உள்ளே குடைந்து மருந்து நிரப்பிய குண்டு அப்படியன்று. இரண்டும் மண்ணில் கிடந்து துருவேறிய பிறகு, மருந்து புகுத்திய துளையைத் துரு மூடிவிடுவதால், வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது, பாம்பா பழுதையா என்று கையால் தொட்டுப் பார்ப்பதற்குச் சமானம்.

தோட்டாவின் நான்கு அங்கங்கள்

பீரங்கிக் குண்டை விட நமது வீடுகளில் அகப்படக் கூடியது துப்பாக்கித் தோட்டாவே. அதற்கு நான்கு அங்கங்கள். வெளியிலுள்ள பித்தளைக் கூடு ஒன்று. அடியில் பதித்த பிரைமர் என்னும் சிறு கிண்ணம் ஒன்று. உள்ளே இருக்கும் மருந்து ஒன்று. முனையில் நிற்கும் ஈயக்குண்டு ஒன்று. துப்பாக்கியின் ஊசி அடியில் குத்தியதும் பிரைமர் பொறி விடுகிறது. பொறி மருந்தைப் பற்றுகிறது. மருந்தின் புகை குண்டைத் தள்ளுகிறது. காலம் இந்நான்கையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. ஆகையால்தான் வெளியழகைக் கொண்டு உள்நிலையைத் தீர்மானிக்க முடியாமற் போகிறது.

முதலில் கூட்டைப் பார்ப்போம். தோட்டாவுக்குரிய பித்தளையில் செம்பு எழுபது பங்கு, துத்தநாகம் முப்பது பங்கு. செம்புள்ள இடத்தில் களிம்பு உண்டு. செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் உயிருக்கும் ஆணவத்துக்கும் உவமை சொல்லுவார்கள். பித்தளை மேல் மங்கல் படிவது இயல்பு. அதனால் மட்டும் கேடில்லை. பச்சையாகப் பூத்து, அடியில் பள்ளம் விழுந்தால், கூட்டின் சுவர் அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சுடும்போது எழும் பேரழுத்தத்தை அந்தச் சுவர்தான் தாங்க வேண்டும். அது கிழிந்தால் கொதிக்கும் புகை சுடுபவனுடைய முகத்தை நோக்கித் திரும்பும்.

களிம்பே இல்லாமலும் கூடு கெடுவதுண்டு. அதை உலகுக்குக் காட்டியது நமது தேசத்து மழைக்காலமே. ஆங்கிலேய ராணுவத்தார் இந்தியாவில் மழை நாட்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தனர். மழை நின்று எடுத்துப் பார்த்தால் கூடுகளில் மெல்லிய வெடிப்புகள் கண்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா வாயுவும், இழுத்து நீட்டிய பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து உலோகத்தைப் பிளந்தன என்பதை 1921-இல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். நமது வீடுகளில் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்திலும், எரு மூட்டைக்குப் பக்கத்திலும் வைத்த பித்தளைக்கும் அதே கதி நேரலாம். அந்த வெடிப்பு சில சமயம் மயிரிழை போல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது பிரைமர். அதிலுள்ள மருந்து கடுகளவுதான். ஆனால் குத்துக்கும் உரசலுக்கும் பொறுக்காதது. நால்வகை அங்கங்களிலும் மிகக் கூரிய சுபாவம் அதற்கே உண்டு. ஈரம் பட்டால் அது மந்தமாகலாம். அடியைத் தேய்த்தாலும் ஆணியால் சுரண்டினாலும் வெடிக்கலாம். பித்தளைக் குடத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் கை, இந்தப் பொருளின் மேல் ஒருபோதும் போகக் கூடாது.

துறைமுகத்தில் வெடித்த கப்பல்கள்

உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1884-இல் பால் வியேல் என்ற பிரெஞ்சு ரஸாயனி புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் கொண்டு செய்வது அது. ஆங்கிலேயர் அதைப் போன்ற வேறொன்றைச் செய்து கார்டைட் என்று பெயரிட்டார்கள். நமது நீலகிரியில் அருவங்காட்டிலுள்ள தொழிற்சாலை, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கார்டைட்டுக்கென்றே நிறுவப்பட்டது.

கருமருந்து போலன்றி, இந்த மருந்து நாளாக ஆகத் தானே சிதைகிறது. சிதையும்போது அமில வாயு உண்டாகிறது. அந்த வாயுவே மேலும் சிதைவை விரைவுபடுத்துகிறது. இதைத் தடுப்பதற்காக மருந்து செய்யும்போதே வேறொரு பொருளைச் சிறிதளவு கலக்கிறார்கள். அந்தப் பொருள் வாயுவை உறிஞ்சிக்கொண்டே வந்து ஒரு நாள் தீர்ந்துவிடும். பிறகு காவல் இல்லை. குளிர் நாட்டில் பல வருஷம் தாங்கும் மருந்து, சித்திரை வெயிலில் கொதிக்கும் ஓட்டு வீட்டுப் பரணில் அதில் ஒரு பகுதிக் காலமே தாங்கும்.

இதன் விளைவைப் பிரெஞ்சுக்காரரே முதலில் அனுபவித்தார்கள். தூலோன் துறைமுகத்தில் 1907-ஆம் வருஷம் மார்ச் 12-ஆம் தேதி 'இயேனா' என்ற போர்க்கப்பல் வெடித்துச் சுமார் 120 பேர் மாண்டனர். அதே துறைமுகத்தில் 1911-ஆம் வருஷம் செப்டம்பர் 25-ஆம் தேதி 'லிபெர்த்தே' என்ற கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மடிந்தனர். எதிரி எவனும் வரவில்லை; ஒரு குண்டும் பாயவில்லை. கப்பலின் வயிற்றில் வைத்திருந்த பழைய மருந்து தானே சூடேறி எரிந்தது என்பதே விசாரணைகளில் கண்ட முடிவு. ஒரு வல்லரசின் கடற்படை, தேர்ந்த நிபுணர்களை வைத்துக்கொண்டு, தன் மருந்தின் வயதைத் தவறாகக் கணித்தது. பரணிலுள்ள தோட்டாவின் வயதை நாம் எதைக் கொண்டு கணிக்கப் போகிறோம்?

பெருங்குண்டுகளின் கதை இதினும் கொடிது. முதல் உலக யுத்தத்துக் குண்டுகள் பலவற்றில் பிக்ரிக் அமிலம் நிரப்பப்பட்டிருந்தது. அது உலோகத்தோடு நெடுநாள் கலந்து, முன்னிலும் எளிதில் வெடிக்கும் புது உப்புகளை உண்டாக்குகிறது. துருவேறத் துருவேற அபாயம் குறைவதற்குப் பதிலாகப் பெருகுகிறது. அந்த யுத்தத்தில் பிரான்ஸின் பொருட்டுப் புதுவைப் பகுதியிலிருந்து சென்று மாண்டவர்களுக்குப் புதுவைக் கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்கள் போரிட்ட அந்தத் தேசத்து வயல்களில் இன்றும் வருஷந்தோறும் உழவர்கள் குண்டுகளைக் கிளறி எடுக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஈப்ர் நகரில் 2014-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் கட்டட வேலையில் இருந்த இரண்டு தொழிலாளிகளை, நூறு வருஷத்துக்கு முன் விழுந்த குண்டு ஒன்று கொன்றது.

உரிமம் பெற்றவர்களுக்கு

பயிர்க் காவலுக்கோ தற்காப்புக்கோ சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்கள், "அப்படியானால் பழைய தோட்டாவெல்லாம் வீண்தானா?" என்று கேட்கலாம். எந்தக் கடையில், எந்த வருஷத்தில் வாங்கியது என்று தெரிந்து, மூல டப்பாவிலேயே உலர்ந்த குளிர்ந்த இடத்தில் இருந்த தோட்டா, பித்தளை சிறிது மங்கியிருப்பதனால் மட்டும் கெட்டதாகாது. ஆனால் பச்சை பூத்தது, பள்ளம் விழுந்தது, கூடு வெடித்தது, அடிக் கிண்ணம் துருவேறியது, குண்டு ஆடுவது, நசுங்கியது, நீரில் கிடந்தது, காகிதக் கூடு ஈரத்தில் உப்பியது - இவற்றில் ஒரு குறி கண்டாலும் அதைத் துப்பாக்கியில் ஏற்றலாகாது. ஒரு பெட்டியில் ஒன்று கெட்டிருந்தால் மற்றவையும் அதே ஈரத்தைக் குடித்தவை என்பதை மறக்கக் கூடாது. பத்து ரூபாய்த் தோட்டாவுக்காகப் பத்து விரல்களைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

விசையை இழுத்தும் சத்தமில்லையேல், துப்பாக்கியின் வாயை ஆபத்தில்லாத திசையில் மண்ணை நோக்கிப் பிடித்தபடியே குறைந்தது ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். மந்தமான பிரைமர் தாமதித்துப் பற்றுவதுண்டு. அவசரப்பட்டுத் திறந்தவர்கள் கண்ணை இழந்திருக்கிறார்கள். சத்தம் வழக்கத்தை விடச் சன்னமாகக் கேட்டால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும். சந்தேகத்துக்குரிய தோட்டாக்களைக் குப்பையிலோ குளத்திலோ நெருப்பிலோ போடாமல், உரிமம் பெற்ற வியாபாரியிடமோ போலீஸ் நிலையத்திலோ ஒப்படைப்பதே முறை.

ராணுவம் தீர்மானிக்கும் விதம்

ராணுவத்தார் இதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அவர்களும் தோட்டாவைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவதில்லை. ஒரே நாளில் ஒரே கலவையில் செய்த தோட்டாக்களுக்கு ஒரே இலக்கம் இடுகிறார்கள். அந்தக் கூட்டம் எந்தக் கிடங்கில் எத்தனை வருஷம் எவ்வளவு வெப்பத்தில் இருந்தது என்பதற்குக் கணக்கு வைக்கிறார்கள். அதிலிருந்து சில மாதிரிகளை எடுத்து, காவற்பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ரஸாயனச் சாலையில் அளக்கிறார்கள். சிலவற்றைச் சுட்டு அழுத்தத்தைக் கணிக்கிறார்கள். சரித்திரமும் சோதனையும் சேர்ந்தே தீர்ப்பு. சரித்திரம் தெரியாத வெடிபொருள் அகப்பட்டால் அவர்களுடைய தீர்ப்பு ஒன்றுதான்: உபயோகிக்கலாகாது, அழித்துவிட வேண்டும். மண்ணிலும் பரணிலும் அகப்படும் தோட்டாவுக்குச் சரித்திரம் ஏது? அதற்குத் தீர்ப்பு முன்னமே எழுதப்பட்டுவிட்டது.

இத்தனை ஜாக்கிரதை இருந்தும் விபத்து நேருகிறது. மகாராஷ்டிரத்தில் புல்காவ் என்ற இடத்தில் நமது ராணுவத்தின் பெரிய வெடிபொருள் கிடங்கு இருக்கிறது. 2016-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி அங்கே தீப்பிடித்து, அதிகாரிகள் இருவர் உட்பட 16 பேருக்குக் குறையாமல் மாண்டனர். குறைபாடுள்ள கண்ணிவெடிகளிலிருந்து வெடிபொருள் கசிந்ததே காரணம் என்று பின்னர் செய்திகள் வெளிவந்தன. 2018-ஆம் வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி அதே புல்காவின் அருகே, பழைய வெடிபொருள்களை அழிக்கும் திடலில் நேர்ந்த வெடிப்பில் ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களில் கூலிக்கு மூட்டை சுமந்த சுற்றுக் கிராமத்து ஏழைகளும் இருந்தனர்.

இரும்பு விலைக்கு உயிர்

இங்கேதான் விஷயம் ரஸாயனத்தை விட்டுத் தேசத்தின் மனச்சாட்சியைத் தொடுகிறது. பழங்குண்டை எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதைச் சுட எடுப்பவர்கள் அல்லர். எடைக்குப் போட எடுப்பவர்கள். காயலான் கடையில் பித்தளைக்கும் செம்புக்கும் நல்ல விலை உண்டு. ராணுவம் பீரங்கிப் பயிற்சி செய்யும் திடல்களை அடுத்த கிராமங்களில், சுட்டு முடிந்த பின் உலோகம் பொறுக்கப் போகிறவர்களுக்கு அபாயம் தெரியாமல் இல்லை. அன்றைய அடுப்பு எரிய வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது.

அந்த உலோகம் காயலான் கடையோடு நிற்பதில்லை. 2004-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி டில்லிக்கு அடுத்த காஜியாபாத்தில் ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழைய இரும்புக் குவியலில் கலந்திருந்த குண்டுகள் வெடித்துப் பத்துத் தொழிலாளிகள் மாண்டனர். எவனோ ஒருவன் எங்கோ ஓரிடத்தில், "இது செத்த குண்டு" என்று தீர்மானித்தான். அவன் தீர்மானத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவனை ஒருநாளும் கண்டதில்லை. அதன் பிறகே பழைய இரும்பைச் சோதித்து ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற விதிகளைச் சர்க்கார் இறுக்கிற்று. ஏழைகள் குண்டு பொறுக்கும் நிலையை நீக்குவதும், பயிற்சித் திடல்களைச் சுத்தம் செய்து ஒப்படைப்பதும், துறைமுகத்தில் கண்விழித்திருப்பதும் சுயராஜ்ய சர்க்காரின் கடமைகள் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

தங்கச்சிமடம் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஓர் எளிய குடும்பத்தின் முன் நேராகவே வந்து நின்றதுண்டு. 2018-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில், ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து பெட்டிகள் வெளிப்பட்டன. அவற்றில் ஆயிரக்கணக்கான தோட்டாக்களும் வேறு வெடிபொருள்களும் துருவும் களிம்பும் ஏறிக் கிடந்தன. 1980-களில் அப்பகுதியில் தங்கியிருந்த இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுவினர் புதைத்தவையாக இருக்க வேண்டும் என்று போலீஸார் கருதினர்.

அங்கே யாரும் எடைக்குப் போடவில்லை. எதையும் துலக்கிப் பார்க்கவில்லை. போலீஸாருக்குத் தகவல் போயிற்று, அவர்கள் வந்து இடத்தைக் காவலில் வைத்தார்கள், நிபுணர்கள் கையாண்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கடலோர மண்ணின் உப்பும் ஈரமும் தின்ற பொருள்கள் அவை. அவற்றில் எது செத்தது, எது உறங்குகிறது என்று எவராலும் வெறுங் கண்ணால் சொல்ல முடியாது. சொல்ல முயலாததே அந்த வீட்டைக் காத்தது.

கடலுக்கு அப்பால் ஈழத்திலும் இதே பாடம்தான், இன்னும் பெரிய அளவில். 2009-இல் யுத்தம் முடிந்த பின்னும் வன்னி நிலத்தில் கண்ணிவெடிகள் கிடந்தன. முகக் கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, சாண் சாணாக மண்ணைக் கிளறி அவற்றை அகற்றும் பணியில் தமிழ்ப் பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் விதி, பழையது என்பதற்காக எதையும் நம்பாதே என்பதுதான்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே வாசகர்கள் தம் வீட்டாருக்கும் பண்ணையாட்களுக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கும், சில விஷயங்களைச் சொல்லி வைப்பது நலம். குண்டோ தோட்டாவோ கண்ணிற் பட்டால், கையிலிருந்த மண்வெட்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எடுக்கலாகாது; உருட்டலாகாது; கழுவலாகாது; எண்ணெய் இடலாகாது; நீரில் போடலாகாது. ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டால் எறியாமல் மெதுவாகக் கீழே வைத்துவிட்டு விலக வேண்டும். இடத்துக்குத் தூரத்திலிருந்து ஓர் அடையாளம் வைத்து, மற்றவர்களை விலக்கி, 112 என்ற எண்ணுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். போலீஸார் வரும் வரையில் சிறுவர்கள் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

போலீஸுக்குச் சொன்னால் தொந்தரவு என்று சிலர் அஞ்சி மறைப்பதுண்டு. உரிமமில்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். வெடிபொருளை வைத்திருப்பதற்கு 1908-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியே இருக்கிறது. மறைத்து வைப்பவருக்குத்தான் அச்சட்டங்களால் அச்சம். கண்ட அன்றே வந்து சொல்லுகிறவர் ஊருக்கு உதவி செய்தவர். அவரை அலைக்கழிக்காமல் நன்றியோடு அனுப்பி வைப்பது அதிகாரிகளின் பொறுப்பு. அவரை ஒரு முறை விரட்டினால், அடுத்த முறை அந்த ஊரில் அகப்படும் குண்டு காயலான் கடைக்கே போகும்.

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி, பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். 170 பேர் பாரதத்தோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி புதுவை நம்முடையதாயிற்று. நான்கு முற்றுகைகளில் எத்தனையோ மணங்கு வெடிமருந்து எரிந்த இந்த நாட்டுப்புறத்தில், ஆட்சி கடைசியாக மாறியது அன்று எண்ணிய சீட்டுகளால். அந்தப் பழைய சண்டைகளின் மிச்சம் ஏதேனும் இன்னும் நமது வயலில் கிடக்குமானால், அது நமது பிள்ளைகளில் ஒருவனுடைய கையையோ கண்ணையோ கொண்டுபோக நாம் இடங்கொடுக்கலாகாது. அதைச் சோதிக்க நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் வரும் வரையில் விலகி நிற்பது ஒன்றே நம்மால் ஆகவேண்டிய காரியம்.